டோஃபாசிட்டினிப் தொடங்கும் முன் அக்கிக்கு ஊசி அவசியமா?

குடந்தைவாசி:
வணக்கம். வயது 46. பல வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் புண்). மெசலமைன் மருந்தில் அடங்கியிருந்தது, தைக்குப் பிறகு மறுபடி ரத்தம் போகிறது. ஸ்டீராய்டைக் குறைத்தாலே திரும்பி வந்துவிடுகிறது. டோஃபாசிட்டினிப் மாத்திரை தரப் போகிறார் டாக்டர். "அதற்கு முன் அக்கிக்கு ஊசி போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது, அதுவும் இரண்டு டோஸாம். சின்ன வயதில் எனக்குச் சின்னம்மை வந்து போயிருக்கிறது. குடலில் இருக்கிற நோய்க்கும் தோலில் வருகிற அக்கிக்கும் என்ன சம்பந்தம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மதுரை_மீனா:
அண்ணா, எனக்கு க்ரோன்ஸ், அதுவும் குடல் அழற்சி நோய்தான். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் அசத்தியோபிரினும் ஸ்டீராய்டான ப்ரெட்னிசலோனும் சேர்த்து எடுத்த சமயத்தில் அக்கி வந்தது. பட்டவள் சொல்கிறேன், ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அம்மை வந்து போனவர்களுக்குத்தான் அக்கியே வரும். அம்மை இறங்கினாலும் அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போகாது, முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒதுங்கிக் கிடக்கும். அதை அடக்கி வைத்திருப்பது நம் எதிர்ப்புச் சக்தி. குடல் புண் ஆறுவதற்காக அந்த எதிர்ப்புச் சக்தியைத்தானே மருந்து கொடுத்துக் குறைக்கிறார்கள்! குடல் அழற்சி உள்ளவர்களுக்கு அக்கி வரும் வாய்ப்பு ஏற்கெனவே கொஞ்சம் கூடுதல். ஸ்டீராய்டு, அசத்தியோபிரின் சேர்ந்தால் இன்னும் ஏறும். டோஃபாசிட்டினிப்பில் டோஸ் கூடக்கூட அக்கியும் கூடும், தொடக்கத்தில் பெரிய டோஸ்தான் தருவார்கள். வெறும் மெசலமைன் என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை.

எனக்கு முதலில் கொப்புளமே இல்லை. இடது விலா ஓரத்தில் பிளவுஸ் தையல் பட்டாலே தீயாய் எரிந்தது. அப்புறம்தான் முத்து முத்தாகக் கிளம்பியது, முதுகிலிருந்து மார்பு வரை ஒரு பட்டை, ஒரே பக்கம். அன்றைக்கே வைரஸை அடக்கும் வாலசைக்ளோவிர் தொடங்கிவிட்டார்கள், 1 கிராம் மூன்று வேளை. கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் மாத்திரை உள்ளே போக வேண்டும். மாமியார் மனசுக்காக வேளாரிடம் போய் அக்கி எழுதிக்கொண்டேன், காவி குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் மாத்திரையை விட்டுவிட்டு அதை மட்டும் நம்பி யாரும் இருந்துவிடாதீர்கள். தோல் ஆறின பிறகும் மாதக்கணக்கில் ஃபேன் காற்று பட்டாலே வலி. ஊசி விலையை அந்த வலியோடு வைத்துப் பாருங்கள்.

மருந்துக்கடை_ராஜா:
டாக்டர் சொல்வது ஷிங்ரிக்ஸ் என்ற அக்கித் தடுப்பூசியாக இருக்கும். அதில் உயிருள்ள வைரஸ் கிடையாது, அதனால் நம் மருந்துகளோடும் போடலாம். முன்பு வெளிநாடுகளில் போட்ட சோஸ்டாவாக்ஸ் உயிருள்ள வகை, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு ஆகாது. ஷிங்ரிக்ஸ் இரண்டாவது டோஸ் வழக்கமாக 2 முதல் 6 மாதத்துக்குள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 1 முதல் 2 மாதத்திலேயே போடலாம். அமெரிக்காவில் 2021 முதல் இப்படிப்பட்டவர்களுக்கு 18 வயதிலிருந்தே அனுமதி உண்டு, 50 ஆகட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. கை வலி, ஒருநாள் காய்ச்சல் வரலாம், பயப்படாதீர்கள்.

இன்னொன்று: நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

குடந்தைவாசி:
இருவருக்கும் நன்றி. முதல் டோஸ் போட்டுக்கொண்டே மாத்திரையைத் தொடங்கலாமா என்று டாக்டரிடம் கேட்கிறேன். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. ஊசியால் பேத்திக்கு ஏதாவது தொற்றுமா?

மதுரை_மீனா:
ஊசியால் தொற்றாது அண்ணா. ஒருவேளை அக்கியே வந்தால் மட்டும், கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை மூடி வையுங்கள், குழந்தையைத் தூக்காதீர்கள். அந்த நீர் பட்டால் குழந்தைக்கு அம்மை வரலாம்.