தங்ளின் முகாம்: சரித்திரமா, சாப்பாட்டுக் கடையா?

ஓட்டுக்கூரை: சிங்கப்பூர் டெம்ப்சி சாலையில் நேற்று காபி குடித்தேன். ஜாதிக்காய்த் தோட்டத்தை வாங்கி 1860களின் தொடக்கத்தில் பிரிட்டிஷார் கட்டிய தங்ளின் படைமுகாம் அது. சிப்பாய்கள் படுத்துறங்கிய கூடத்தில் ஒயின் பாட்டில்கள் அடுக்கியிருக்கிறார்கள். இதற்குப் பெயர் மரபுக் கட்டடப் பாதுகாப்பாம்! எனக்கு வாடகை வசூலாகத்தான் படுகிறது.

குன்றுவாசி: வாடகை இல்லையென்றால் ஓடு மாற்றிக் கொடுப்பது யார்? கரையானுக்குச் சரித்திரம் தெரியாது. இன்னொன்று, முதலில் அங்கே இருந்தது ஓலை வேய்ந்த அத்தாப்புக் கூரை. ஓடு பிறகு வந்தது. நீங்கள் பெயரிலேயே சுமக்கும் அந்த ஓடுகூட அசல் இல்லை, ஐயா.

ஓட்டுக்கூரை: கேலி போகட்டும். முரடனை 'எம்டன்' என்கிறோமே, 1914 செப்டம்பரில் சென்னையைக் குண்டுவீசிக் கலங்கடித்த அந்த ஜெர்மன் போர்க்கப்பலைச் சேர்ந்த அதிகாரி லாட்டர்பாக் உள்ளிட்ட ஜெர்மானியர் அடைபட்டிருந்தது இங்கேதான். 1915 பிப்ரவரி 15 அன்று கலகத்தில் இறங்கிய, பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 5ஆம் இலகு காலாட்படைச் சிப்பாய்கள் காவலர்களைச் சுட்டுவிட்டுக் கைதிகளை விடுவித்தார்கள். கைதிகளில் பெரும்பாலோர் கலகத்தில் சேரவில்லை. லாட்டர்பாக் மட்டும் சிலரோடு நழுவிவிட்டார். பிடிபட்ட சிப்பாய்களில் 47 பேரை ஊட்ரம் சிறைச் சுவரையொட்டி நிறுத்தி, ஊர் பார்க்கச் சுட்டுக் கொன்றார்கள். உணவுப் பட்டியலை நீட்டிய பையனிடம் "எம்டன் தெரியுமா?" என்றேன். "அது எங்களிடம் இல்லை, சார்" என்றான்.

குன்றுவாசி: சிரித்துவிட்டேன். ஆனால் பையனுக்குத் தெரியாதது பள்ளிக்கூடத்தின் குறை. அதற்குச் சமையலறையை மூடச் சொல்வீர்களா?

பழைய எண்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 1972 முதல் 1989 வரை தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பணிக்கு, ஆள் பதிந்தது அந்த முகாம் இருக்கும் குன்றில்தான். நானும் அங்கே பெயர் கொடுத்துவிட்டு ராணுவ லாரியில் ஏறியவன். அம்மா தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எனக்குக் கொடுக்கக் கொண்டுவந்த முறுக்குப் பொட்டலம் கடைசிவரை அவர் கையிலேயே இருந்தது. போன மாதம் மகனை அழைத்துப்போய் அந்தத் தாழ்வாரத்தைக் காட்டினேன். பீட்சா விலைதான் கொஞ்சம் உதைத்தது. இடித்திருந்தால் எதைக் காட்டியிருப்பேன்?

ஓட்டுக்கூரை: அண்ணே, இடிக்க நான் எங்கே சொன்னேன்? நீங்கள் அருகில் இருந்ததால் உங்கள் மகனுக்குத் தெரிந்தது. பக்கத்து மேசைக்காரருக்கு யார் சொல்வது?

குன்றுவாசி: அப்படியானால் குத்தகைப் பத்திரத்திலேயே ஒரு நிபந்தனை போடட்டும்: ஒவ்வொரு கூடத்தின் கதையும் அதன் வாசலில் இருக்க வேண்டும், தமிழிலும். இதற்கு நான் எதிரி இல்லை.

ஓட்டுக்கூரை: இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாமே!