கொரோலா கேஇ70: கியர் கம்பி ஆடுகிறது, கியர்பாக்ஸையே மாற்றச் சொல்கிறார்கள்

டிஎக்ஸ்_தம்பி, சுங்கை சிப்புட்:
வணக்கம் அண்ணன்மாரே. அப்பாவுடைய 1983 கொரோலா டிஎக்ஸ், 4கே இன்ஜின், நாலு கியர். கொஞ்ச நாளாகக் கியர் கம்பி ஆடுகிற பல் மாதிரி இருக்கிறது. நியூட்ரலில் சுற்றிலும் ஆட்டலாம், கியர் விழுந்த பிறகும் இப்படி அப்படி அசைகிறது, இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளினால் கம்பி எங்கே போகிறதென்றே தெரியாமல் சில நேரம் ஒன்றில் போய் முட்டுகிறது. ஓடும்போது சத்தம் கித்தம் எதுவும் இல்லை. டவுனில் ஒரு பட்டறையில் காட்டினேன். கம்பியைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு, கியர்பாக்ஸ் போச்சு, ஹாஃப் கட்டில், அதாவது பாதியாக வெட்டி விற்கிற பழைய காரில், வேறு தேடிப் போடணும், 900 வெள்ளி (ரிங்கிட்) என்றார். எதையும் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. தோட்டத்துச் செம்மண் சாலையில் தினமும் ஓடுகிற கார், நிறுத்தி வைக்கவும் முடியாது. உண்மையிலேயே கியர்பாக்ஸ்தானா?

பழைய_இரும்பு, ஈப்போ:
தம்பி, காசைப் பத்திரமாக வை. சத்தம் இல்லை, போட்ட கியர் தானாகக் கழன்று வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது கம்பியின் அடியில் இருக்கிற நைலான் புஷ். கம்பியின் நுனியில் ஓர் உருண்டை இருக்கும், அதற்குத் தொப்பி போட்ட மாதிரி அந்தப் புஷ் உட்கார்ந்திருக்கும். வருஷக்கணக்கில் சூட்டிலும் எண்ணெயிலும் கிடந்து அது நொறுங்கிப் போகும், அப்புறம் இரும்பும் இரும்பும் இடைவெளியோடு உரசும், நீ சொல்கிற ஆட்டம் எல்லாம் அதனால்தான்.

காரைச் சமதரையில் நிறுத்தி டயருக்கு முன்னும் பின்னும் கட்டை வை, கம்பியை எடுத்துவிட்டால் கியரில் போட்டு நிறுத்த முடியாது, ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பாதே. நியூட்ரலில் வைத்து, குமிழைத் திருகி எடு, கன்சோலையும் மேல் ரப்பரையும் கழற்று. உள்ளே இன்னொரு ரப்பர் இருக்கும். அதைத் தூக்குவதற்கு முன்னால் சுற்றியுள்ள மண்ணை நன்றாகத் துடைத்துவிடு, செம்மண் சாலையில் ஓடுகிற கார் என்று நீயே சொல்கிறாய், அந்த மண் உள்ளே விழுந்தால் பட்டறைக்காரர் சொன்னது நிஜமாகிவிடும். அடியில் ஒரு மூடி, ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும். கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டே இடப்பக்கம் திருப்பினால் விடும், கம்பி அப்படியே மேலே வரும். பழைய புஷ் துண்டு துண்டாக இருந்தால் எல்லாத் துண்டையும் எடுத்துவிடு. நைலான் காந்தத்தில் ஒட்டாது, நீள மூக்குக் குறடுதான் வேண்டும். புதுப் புஷ்ஷில் கிரீஸ் தடவிப் போடு. விலை ரொம்பக் கம்மி, கேஇ70 என்று சொன்னாலே பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள்.

செம்பனை_லோரி, பீடோர்:
நைலான் எதுக்கு, திரும்பவும் நொறுங்கும். லேத் கடையில் பித்தளையில் கடைந்து வாங்கிப் போடு, ஆயுசுக்கும் தொல்லை இல்லை. நம்ம லோரியில் எல்லாம் அப்படித்தான்.

பழைய_இரும்பு:
அண்ணே, லோரிக்குச் சரி. இதில் பித்தளை போட்டால் கியர்பாக்ஸின் அதிர்வெல்லாம் கைக்கு ஏறும், போகப்போகக் கம்பியின் உருண்டையே தேயும். புஷ் தேய்வதற்காகவே வைத்த பொருள், கம்பி அப்படி இல்லை. கடையில் கிடைக்கவே இல்லை என்றால் அதே லேத்தில் நைலான் கட்டையில் கடையச் சொல்லலாம். டேப் மட்டும் சுற்றாதீர்கள், எண்ணெய் பட்டால் பசை கரைந்து டேப்பும் உள்ளே போய்விடும்.

வாணி_120ஒய், கூலிம்:
தம்பி, கழற்றுவதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். இரண்டாவது கியரில் மெதுவாகப் போகும்போது எண்ணெய்ப் பெடலை (ஆக்சிலரேட்டரை) அழுத்தி விடுங்கள், அழுத்தி விடுங்கள். காலோடு சேர்ந்து கம்பியும் முன்னும் பின்னும் போனால் அது கியர்பாக்ஸைத் தாங்குகிற மவுண்டிங் ரப்பர். எண்ணெய் ஊறினால் ரப்பர் உப்பி மெத்தென்று ஆகிவிடும், மேலே புஷ் மாற்றிப் புண்ணியமில்லை. இறக்கத்தில் காலை எடுத்ததும் கியர் தானாக நியூட்ரலுக்கு வந்தால்தான் உள்ளே கோளாறு, அப்போது கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்க்கலாம்.

டிஎக்ஸ்_தம்பி:
அக்கா சொன்ன மாதிரி பார்த்தேன், கம்பி காலோடு அசையவில்லை. அப்புறம் கழற்றினேன். புஷ் என்று சொல்ல ஒன்றும் இல்லை, மஞ்சள் நிறத்தில் சில்லு சில்லாகக் கிடந்தது. புதுசு போட்டாச்சு, இப்போது மூன்றாவது கேட்ட இடத்தில் விழுகிறது. இரண்டு சந்தேகம். கியர் எண்ணெயையும் மாற்றலாம் என்று இருக்கிறேன், கடைக்காரர் ஜிஎல்-5 என்ற ரகத்தை நீட்டுகிறார், ஊற்றலாமா? ரிவர்ஸ் போடும்போது மட்டும் கரகரவென்று கடிக்கிறது, இது முன்பும் இருந்தது.

பழைய_இரும்பு:
ஜிஎல்-4 கேள் தம்பி, கெட்டித்தன்மை 75டபிள்யூ-90 என்றால் சரியாக இருக்கும். ஜிஎல்-5 பின் ஆக்சிலுக்கு நல்லது, ஆனால் அதில் சேர்க்கிற கந்தக மருந்து சில எண்ணெயில் பித்தளை சின்க்ரோ வளையத்தை, அதாவது கியர் விழும்முன் வேகத்தைச் சமப்படுத்துகிற வளையத்தை, அரிக்கும். வடிப்பதற்கு முன்னால் ஊற்றுகிற திருகு கழல்கிறதா என்று பார்த்துக்கொள், வடித்த பிறகு அது இறுகி இருந்தால் கார் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அந்தத் துளையின் கீழ் விளிம்பு வரை எண்ணெய் நின்றால் போதும்.

ரிவர்ஸுக்குச் சின்க்ரோ கிடையாது. கிளட்சை மிதித்து இரண்டு மூன்று நொடி பொறுத்துப் போடு, இல்லாவிட்டால் முதலில் ஒன்றில் போட்டுவிட்டு ரிவர்ஸுக்கு வா. அப்படியும் கடித்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை. பெடல் ஃப்ரீ பிளே, அதாவது கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்குகிற தூரம், எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு இங்கே எழுது.