திருமணப் படங்களைத் தரம் பிரிக்கும் ஏஐ மென்பொருள்: சந்தா கட்டலாமா?

குழுவினருக்கு வணக்கம். திருமணப் படங்களைத் தெரிவு செய்ய ஏஐ மென்பொருளைப் பயன்படுத்தும் ஒளிப்படக் கலைஞர்களிடம் விளக்கம் வேண்டுகிறேன்.

வரவேற்பும் முகூர்த்தமும் சேர்ந்தால் நான்காயிரம் படங்களுக்குக் குறைவதில்லை. ஆல்பத்துக்கு உரியவற்றைப் பிரித்தெடுக்கவே நாள்கணக்கில் ஆகிவிடுவதால், ஆஃப்டர்ஷூட் போன்ற ஒன்றுக்குச் சந்தா செலுத்தலாமா என்று யோசித்து வருகிறேன். ஒரே மாதிரியான படங்களை ஒன்றாக அடுக்குவதும், ஃபோகஸ் தவறியவற்றை ஒதுக்குவதும் இத்தகைய மென்பொருளுக்கு எளிதாக வருகின்றன. என் கவலை வேறு. மாங்கல்யதாரணத்தின்போது மணமகள் தலை குனிந்திருப்பார். அட்சதை விழும்போதும் ஓமப்புகை சூழும்போதும் பலர் கண்களை மூடிக்கொள்வார்கள். கண் மூடியிருக்கிறது என்பதற்காகவே அந்தப் படத்தை மென்பொருள் கழித்து, அது நம் பார்வைக்கும் தப்பிவிட்டால், அந்த நொடியை மறுபடியும் எடுக்க வழியே இல்லை. கண் மூடிய படங்களுக்கான அளவுகோலைத் தளர்த்தி வைத்திருப்பவர்கள் உங்கள் அமைப்பைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

ஆடியிலும் மார்கழியிலும் எங்களுக்கு வேலை ஏறக்குறைய நின்றுவிடும். முகூர்த்த மாதங்களுக்கு மட்டும் மாதச் சந்தா கட்டி இடையில் நிறுத்துபவர்களுக்கு, முன்பு படங்களுக்குத் தரம் குறித்து இட்ட நட்சத்திரக் குறிகள், அவற்றைப் பதிந்து வைக்கும் எக்ஸ்எம்பி என்ற துணைக் கோப்புகளில் இருந்து, படங்களைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளுக்குச் சிக்கலின்றி வருகின்றனவா? வாடிக்கையாளரின் குடும்பப் படங்களை வெளிச் சேவையகத்தில் ஏற்ற எனக்கு மனமில்லை. ஆகவே நம் கணினியிலேயே இயங்குபவற்றை மட்டும் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் டிஜிகாம் என்ற பட மேலாண்மை மென்பொருளை இந்த வேலைக்குப் பழக்கியவர்கள் இருந்தாலும் எழுதுங்கள்.