மரப்பட்டறையில் ஆர்டர் குவியுது: சிஎன்சி வாங்குவதா, பக்கத்து யூனிட்டை எடுப்பதா?

பட்டறைப்பிள்ளை:
சிங்கப்பூரில் சுங்கை காடுட் பக்கம் குடும்பப் பட்டறை. அப்பா, சித்தப்பா, நான், சம்பளத்துக்கு இரண்டு பேர். தேக்கு, ஓக் மரத்தில் சாப்பாட்டு மேசை, சாமி அலமாரி, கட்டில் செய்கிறோம். இப்போது ஆர்டர் கொடுப்பவர் 14 வாரம் காத்திருக்க வேண்டியிருக்கு. பக்கத்து யூனிட் காலியாகிறது. அதை எடுத்து சிஎன்சி ரௌட்டர் (கணினி சொல்கிறபடி மரத்தை வெட்டும் மெஷின்) போட்டால் இந்த 14 வாரம் குறையுமா? "கைவேலைன்னு சொல்லி மெஷின்ல வெட்டிக் கொடுக்குறதா?" என்கிறார் அப்பா.

உளிக்காரன்:
மெஷினை அப்புறம் பார்க்கலாம். முதலில் வேலை எங்கே தேங்குதுன்னு பாருங்க. ஒவ்வொரு ஆர்டரிலும் ஒரு அட்டையை ஒட்டி, வெட்டு, பொருத்து, பசை, சேண்டிங், பாலிஷ், டெலிவரி என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் வந்த தேதி, போன தேதி எழுதுங்க. ஒரு மாதம் எழுதினால் போதும். இந்த அளவுப் பட்டறைகளில் பெரும்பாலும் பாலிஷ் அறை வாசலில்தான் சாமான் அடுக்கிக் கிடக்கும். அப்படியென்றால் சிஎன்சி செய்யப்போவது அந்த அடுக்கை இன்னும் உயர்த்துவதுதான்.

பாலிஷுக்கு நைட்ரோ லாக்கர் (சீக்கிரம் காயும் வார்னிஷ்) அடிக்கிறீர்களா? நம்ம ஊர் ஈரத்தில் அது வெள்ளை பூக்கும். அதில் கலக்கும் தினர் சட்டென்று ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. விடிகாலையில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும், அப்போது அடிக்கவே கூடாது. வெயிலான நாளில் 11 மணியிலிருந்து 4 மணி வரைதான் நல்ல நேரம். ரிட்டார்டர் (மெல்ல ஆவியாகும் தினர்) கலந்தால் வெள்ளை குறையும், ஆனால் காய நேரமாகும், தூசியும் ஒட்டும். மேசைக்கு ஹார்ட்வாக்ஸ் எண்ணெய் (மெழுகு கலந்த எண்ணெய்) போடச் சொல்வார்கள். ஸ்ப்ரே அறை வேண்டாம், துணியால் தேய்த்தாலே போதும், உண்மைதான். ஆனால் மீன் குழம்பு சிந்தும் வீட்டில் மஞ்சள் கறை ஏறிக்கொள்ளும். நம்மவர்களின் சாப்பாட்டு மேசைக்கு 2கே பாலியூரத்தேன்தான் (இரண்டு திரவம் கலந்து அடிக்கும் கெட்டிப் பூச்சு) சரி. எண்ணெயைக் கட்டிலுக்கு வைத்துக்கொள்ளுங்க.

அடுத்து, மாடல்களைக் குறையுங்க. ஆறேழு மாடல், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று அளவு, அவ்வளவுதான். 12 மி.மீ. எம்டிஎஃப்பில் (மரத்தூள் அழுத்திய பலகை) ஜிக், அதாவது அளவு பிசகாமல் வெட்ட உதவும் அச்சு, செய்து, ஆறு மேசைக்கு வேண்டிய 24 கால்களையும், உதிரியாக இரண்டையும், ஒரே மூச்சில் வெட்டுங்க. மிச்சமாவது வெட்டும் நேரமல்ல, மெஷினைத் திரும்பத் திரும்ப அளவுக்கு மாற்றும் நேரம். வளைந்த நாற்காலி முதுகு, செதுக்கு வேலை இவற்றுக்கு சிஎன்சி உதவும்தான். அதை வெளியே கூலிக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்க. பொருத்தும் பாலிஷும் கையில் இருக்கும்வரை அப்பா கவலைப்பட வேண்டியதில்லை.

மரக்கணக்கு:
பக்கத்து யூனிட்டை எடுங்க, ஆனால் மெஷினுக்கு இல்லை, மரத்துக்கு. ஆர்டர் கூடும்போது முதலில் சுருங்குவது மரம் ஓய்வெடுக்கும் நாட்கள், அதாவது வெட்டுமுன் அது காய்ந்து நிலைப்படும் நாட்கள். இங்கே திறந்த கொட்டகையில் மரத்தின் ஈரம் 15, 16 சதவீதத்தில் நிற்கும். ராத்திரி பகலா ஏர்கான் ஓடும் கூட்டுரிமை (காண்டோ) வீட்டில் அது 10 பக்கம் இறங்கும். 90 செ.மீ. அகல ஓக் மேசைப் பலகை, தட்டை வெட்டு (வளையங்கள் பலகை முகத்தோடு ஏறக்குறைய இணையாக ஓடும்படி அறுத்தது) என்றால், 4 சதவீதம் ஈரம் இறங்கியதும் ஏறக்குறைய 13 மி.மீ. சுருங்கும். தேக்கு 7 மி.மீ. பலகையைச் சட்டத்தோடு திருகாணியால் இறுக்கிவிட்டிருந்தால் முனையிலிருந்து வெடிக்கும். பாலிஷ்காரரைத் திட்டிப் பயனில்லை.

பலகை நகர இடம் விடுங்க: மரப் பட்டன் (பலகையைச் சட்டத்தோடு பிடிக்கும் சின்ன மரக் கொக்கி) அல்லது எட்டு வடிவ தகடு, திருகாணி போட்டால் நீள்துளை. வாங்கும் மரத்தின் ஈரத்தை ஊசி மீட்டரில் பார்க்கும்போது முனையில் குத்தாதீர்கள், அங்கே எப்போதும் காய்ந்துதான் இருக்கும். நடுவில் குறுக்காக வெட்டி, உள்வயிற்றில் குத்துங்க. மரவகைக்கு ஏற்ப மீட்டரின் அமைப்பை மாற்றியாக வேண்டும். அடைத்த அறையில் டீஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை எடுக்கும் மெஷின்) வைத்து காற்றை 50-55 சதவீத ஈரப்பதத்தில் காத்தால் மரம் மெல்ல 10 பக்கம் வந்து நிற்கும். பலகைகளுக்கு இடையே 20 மி.மீ. குச்சிகள், ஒன்றுக்கொன்று அரை மீட்டர் தள்ளி, மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில். கோடு விலகினால் பலகை வளையும்.

பட்டறைப்பிள்ளை:
மரத்துக்கு அறை என்பது யோசிக்காத விஷயம், நன்றி. விலையில்தான் குழப்பம். அப்பாவும் சித்தப்பாவும் சம்பளம் எடுப்பதில்லை. அவர்கள் உழைப்பை எப்படிச் சேர்ப்பது?

வரவுசெலவு:
வெளியாளை வைத்தால் என்ன கொடுப்பீர்களோ அதையே போடுங்க. போடாவிட்டால், அவர்கள் ஓய்வெடுக்கும் நாளில் உங்கள் விலைப்பட்டியல் பொய்யாகிவிடும்.

ஒரு உதாரணம்: சம்பளம் 3,000 வெள்ளி, 55 வயதுக்கு உட்பட்ட உள்ளூர் ஊழியருக்கு முதலாளி கட்டும் மத்திய சேமநிதி 17 சதவீதம், ஆக 3,510. வாரம் 44 மணி என்றால் மாதம் 190 மணி. விடுப்பு, லோரி ஓட்டம், பெருக்குவது, வாடிக்கையாளரோடு பேசுவது போக, மரத்தில் கை படுவது 120 மணி என்று வையுங்க. மணிக்கு 29 வெள்ளி தாண்டுகிறது. வாடகையும் மின்சாரமும் இதற்கு மேல்.

மரத்தையும் முடிந்த அளவில் கணக்கிடாதீர்கள். 1.8 மீட்டருக்கு 90 செ.மீ. மேசை, 30 மி.மீ. பலகை, 75 மி.மீ. கால் என்றால் முடிந்த பொருளில், சட்டமும் சேர்த்து, சுமார் 2.7 கன அடி மரம் இருக்கும். சீவல், முடிச்சு, முனை விரிசல் எல்லாம் போக, 4 கன அடிக்கு மேல் வாங்க வேண்டியிருக்கும்.

ஆண்டு வருவாய் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால், அல்லது தாண்டும் என்று தெரிந்தால், பொருள் சேவை வரிப் பதிவு கட்டாயம். வீட்டு வாடிக்கையாளர் அந்த 9 சதவீதத்தைத் திரும்பப் பெற முடியாது, அவருக்கு அது விலையேற்றம்தான்.  சிஎன்சிக்கு மானியம் கேட்பதானால் விற்பனையாளரிடம் கையெழுத்தோ முன்பணமோ கொடுப்பதற்கு முன்பே விண்ணப்பியுங்க. பணம் கட்டியபின் கேட்டால் கிடைக்காது.

உளிக்காரன்:
இன்னொன்று. உயரமான அலமாரியை ஒரே துண்டாகச் செய்யாதீர்கள். 2.6 மீட்டர் உயர வீவக (அரசு அடுக்குமாடி) அறையில் 2.55 மீட்டர் அலமாரி நிற்கும், ஆனால் 60 செ.மீ. ஆழமென்றால் மூலைவிட்டம் 2.62. படுக்க வைத்துக் கொண்டுபோனதை நிமிர்த்தவே முடியாது. அடிப்பீடத்தைத் தனியாகச் செய்யுங்க. லிஃப்ட்டின் உள்ளளவை ஆர்டர் எடுக்கும் அன்றே கேட்டு வாங்குங்க.