ஒரே அலமாரி: சிலையா, மூட்டுப் பொம்மையா? உங்கள் அனுபவம்

மூன்றாம்தட்டு:
சேகரிப்புக்கு வாங்கிய 1/4 அளவுச் சிலை, அதாவது கதாபாத்திரத்தின் உயரத்தில் கால் பங்கு. உயரம் 52 செ.மீ., தட்டு இடைவெளி 55. அளந்துதான் வாங்கினேன். தெர்மாகோலிலிருந்து மேலங்கியை எடுத்து முதுகுக் காந்தத்தில் மாட்டிய பிறகுதான் தெரிந்தது, அது பின்னால் பறக்கவில்லை, முன்பக்கம் சுழன்று வருகிறது. கண்ணாடிக் கதவு அதன் நுனியில் ‘டக்’கென்று முட்டி நின்றது. இரண்டு விரல் இடைவெளி. எட்டு மாதமாக அந்தக் கதவு மூடவில்லை; மடிப்புத் தூசியைத் தூரிகையால் தட்டிக்கொண்டிருக்கிறேன். அதே தட்டில் முன்பு, கைகால் மடக்கி விரும்பிய நிலையில் நிறுத்தும் 1/12 அளவு மூட்டுப் பொம்மைகள் பதினான்கு நின்றன. இப்போது செருப்புப் பெட்டியில் படுத்திருக்கின்றன.

இரவுக்காவல்:
நின்றன என்றா சொல்கிறீர்கள்? விழக் காத்திருந்தன. ஒற்றைக்காலில் பாயும் ஒன்றைப் பின்வரிசையில் வைத்திருந்தேன். கணுக்கால் மூட்டு நாளடைவில் தளர்ந்திருக்கிறது. நள்ளிரவில் சடசடவென்று சத்தம். விளக்கைப் போட்டால் முன்வரிசை மொத்தமும் குப்புறக் கிடக்கிறது. ஒன்றின் மணிக்கட்டு முளை முன்கைக்குள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டது. பசை விட்டால் மூட்டு இறுகிவிடும், விடாவிட்டால் கை இல்லை. அன்றே சிலைகளின் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

பழையபெட்டி:
இரவுக்காவல், குறை பொம்மையிடம் இல்லை. பாயும் நிலையில் தாங்கி கொடுக்காமல் வைத்தவரிடம். தளர்ந்த மூட்டைக் கழற்றி, உருண்டையில் நிறமற்ற நகப்பூச்சை மெல்லியதாகப் பூசுங்கள். ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும்; ஈரத்தோடு மாட்டினால் ஒட்டிக்கொள்ளும். சிலை மட்டும் சாயாதா? பிவிசி பிளாஸ்டிக் சிலை வெப்பத்தில் வளையும். வெந்நீரில் காட்டி நிமிர்த்தி, உடனே குளிர்நீரில் பிடிக்க வேண்டும். ரெசின், அதாவது இறுகிய பிசினில் வார்த்த சிலை, வளையாது, நேராக உடையும். பின்வரிசைக்குப் படிப்படியான அக்ரிலிக் மேடை வையுங்கள். மூன்றாம்தட்டு, நீங்கள் ஆழத்தை அளந்திருக்க வேண்டும். என் அனுபவமா? 1/6 பொம்மையின் செயற்கைத்தோல் சட்டை, தொட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. அவ்வளவுதான்.

சுண்டுவிரல்:
1964-இல் சுமார் 12 அங்குலமாக வந்த ஜி.ஐ. ஜோ என்ற படைவீரர் மூட்டுப் பொம்மை, 1982-இல் மூன்றே முக்கால் அங்குலமானது. நானும் அந்த அளவுக்கே இறங்கிவிட்டேன். ஒரு தட்டில் முப்பது நிற்கின்றன. துப்பாக்கிகள்தான் காணாமல் போகின்றன. ஒன்றைத் தூசு உறிஞ்சியின் பைக்குள் தேடி எடுத்தேன்.

மூன்றாம்தட்டு:
பழையபெட்டி, ஆழத்தையும் அளந்தேன் ஐயா. அடிப்பீடத்தின் ஆழத்தை! போன வாரம் மேலங்கியைக் கழற்றிப் பார்த்தேன். கதவு அழகாக மூடியது. முதுகில் இரண்டு காந்தக் குழிகள் பல்லிளித்தன. மறுநாளே திரும்ப மாட்டிவிட்டேன்.