புதுப்பிப்பு: 1969 செவர்லே சி10 பிக்கப், டிஸ்க் பிரேக் பிடித்தபடியே இருந்த சிக்கல் தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 1980களின் சி10 வண்டியிலிருந்து முன் கிராஸ்மெம்பரை (முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக்கோடு அப்படியே மாட்டிய பிறகு, பெடலை விட்டாலும் பிரேக் விடவில்லை என்று கேட்டிருந்தேன். காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்), ஹோஸ் இரண்டிலும் குறை இல்லை. "பழைய மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள்" என்றவர் சொன்னதுதான் சரி. பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை லைனுக்குள் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர்தான். என் பழையது டிரம் பிரேக்குக்கானது; அதில், பைப் சேரும் வாய்க்குள் ஒரு சின்ன ரப்பர் வால்வு. சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை லைனிலேயே நிறுத்தி வைக்கும். டிரம்மில் ஷூவை இழுக்க ஸ்பிரிங் உண்டு. டிஸ்க்கில் இல்லை, அதனால் அந்த அழுத்தத்தில் பேட் உரசிக்கொண்டே இருக்கும். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள வண்டிக்கான மாஸ்டர் சிலிண்டரும், முன்-பின் பிரேக் அழுத்தத்தைச் சரிப்படுத்தும் காம்பினேஷன் வால்வும் போட்டேன். ஜாக்கியில் தூக்கிச் சுற்றினால் சக்கரம் இப்போது தாராளமாக ஓடுகிறது.

எதிர்பாராத ஒன்று: புதிதாக மாட்டிய முன்பக்கத்தில் சக்கரத்துக்கு 5 போல்ட், பழைய பின்பக்கத்தில் 6. ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் சேராது. அடுத்து பின் ஆக்ஸிலை மாற்றப்போகிறேன்.