ஆர்ட் தெரபி: நம் பக்கத்து ஆட்களின் அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து:

அப்பச்சி (எங்கள் அப்பா) காலமான பிறகு ஆத்தா (அம்மா) யாரிடமும் சரியாகப் பேசவில்லை. டாக்டர் ஓர் ஆர்ட் தெரபிஸ்ட்டிடம், அதாவது படம் வரைய வைத்து மனசுக்குச் சிகிச்சை தருகிறவரிடம், அனுப்பினார். போனதுமே ஆத்தா, "எனக்குப் படம் வரையத் தெரியாதேம்மா" என்றார்கள்.

"படம் நல்லா வரணும்னு இல்ல ஆச்சி. வரையும்போது மனசுல என்ன வருதுன்னு சேர்ந்து பார்ப்போம்" என்றார் அந்தப் பெண். பிராசஸ் என்று இவர்கள் சொல்வது அதைத்தான். ஓவிய வகுப்பில் முடிந்த படத்தைப் பார்ப்பார்கள். இங்கே வரைகிற நேரம்தான் முக்கியம்.

அப்புறம் மீடியம். பென்சில், கிரேயான், வாட்டர்கலர், களிமண் என்று எதைக் கொண்டு செய்கிறோமோ அது மீடியம். பென்சில் நம் பிடியில் நிற்கும். வாட்டர்கலர் ஈரத்தில் தன் போக்குக்கு ஓடும், உணர்ச்சியையும் சீக்கிரம் கிளப்பிவிடும். எந்த ஆளுக்கு எந்த நேரத்தில் எதைக் கொடுப்பது என்பதில்தான் அவர்கள் படிப்பு இருக்கிறது.

ஆத்தாவுக்கு ஆயில் பேஸ்டல் கொடுத்தார். ஆத்தா கறுப்பை மட்டும் எடுத்து ஒரு மூலையில் தேய்த்தார்கள். "கறுப்புன்னா துக்கமா?" என்று நான் கேட்டேன். "அப்படி நாம அர்த்தம் வைக்கக் கூடாது, ஆச்சியே சொல்லட்டும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து ஆத்தா சொன்னார்கள்: "சாயங்கால வெயில்ல வளவுத் (வீட்டு நடு முற்றத்து) தூண் நிழல் இப்படித்தான் விழும். அங்கதான் அவுக உட்காந்திருப்பாக." அப்பச்சி போன பிறகு அவர்களைப் பற்றி ஆத்தா வாய் திறந்தது அன்றுதான்.

ஆத்தங்குடியிலிருந்து:

நான் டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கிறேன். கண்ணாடி மேல் உலோக அச்சை வைத்து, கட்டம் கட்டமாகக் கலர் சிமெண்ட் ஊற்றுவோம். பூவைச் சுற்றி நிற்கிற நிறம்தான் நெகட்டிவ் ஸ்பேஸ். அது சரியில்லை என்றால் பூ எடுபடாது. என் மகள் போகும் தெரபியில் தாளில் கையை வைத்துச் சுற்றிலும் வண்ணம் பூசச் சொன்னார்கள். வீட்டில் எல்லாரையும் கைக்கு வெளியே வரைந்துவிட்டு, கை இருந்த இடத்தை வெள்ளையாகவே விட்டாள். "இது எனக்கு மட்டும்" என்றாள். இப்போது அவள் அறைக்குள் கேட்டுவிட்டுத்தான் போகிறோம்.

தேவகோட்டையிலிருந்து:

பிரசவத்துக்குப் பிறகு மனம் சரியில்லாமல் இருந்தபோது கடையில் மண்டலா (வட்டத்துக்குள் கோலம் போல அமைந்த வடிவம்) அச்சடித்த புத்தகம் வாங்கிக் கலர் அடித்தேன். தூக்கம் வந்தது, அழுகை நிற்கவில்லை. புத்தகத்துக்குக் கலர் அடிப்பது ஆர்ட் தெரபி ஆகாது; பயிற்சி பெற்ற ஒருவர் கூட இருக்க வேண்டும். மனநல மருத்துவர் கார்ல் யுங் ஒரு காலத்தில் தினமும் காலையில் ஒரு மண்டலா வரைந்தார், அச்சடித்ததை நிரப்பவில்லை. எனக்கும் தெரபிஸ்ட் வெறும் வட்டத்தைத்தான் கொடுத்தார். நடுவீட்டுக் கோலம் போட்டுப் பழகிய கை, தானாக நடுவிலிருந்து தொடங்கியது.

காரைக்குடிக்காரருக்கு ஒன்று: அங்கே வரைகிற படம் டாக்டரிடம் சொன்ன பேச்சு மாதிரி, வரைந்தவருக்குச் சொந்தம். ஆத்தாவைக் கேட்காமல் அதைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள்.